வேட்டை மான் இறைச்சியை கிரில்லில் சுடுவது: எந்தத் துண்டுக்கு எவ்வளவு சூடு

கேள்வி சுருக்கமாக இது: ஒன்ராறியோவில் உடன் வேலை செய்பவர், தான் வேட்டையாடிய வெள்ளைவால் மானின் இறைச்சியில் கொஞ்சம் கொடுத்திருக்கிறார். முதுகுச் சதை ஒன்று, தொடை ஒன்று, கொத்திறைச்சி இரண்டு பொதி. எல்லாம் ஃப்ரீசரில் இருந்தவை. ஆட்டிறைச்சி மாதிரி மசாலா தடவி கிரில்லில் போட்டால் சரிவருமா? உறைய வைத்ததால் கிருமி, புழு எல்லாம் செத்திருக்குமா? அடுத்த முறை கரடி இறைச்சியும் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா?

ஆடு என்று நினைத்துச் சுட்டால் முதுகுச் சதை செருப்புத்தோலாகிவிடும். மாட்டு ஸ்டேக் என்று நினைத்துச் சுட்டால் கொத்திறைச்சி வயிற்றைக் கெடுக்கும். ஒரே மானிலிருந்து வந்தாலும் உங்களிடம் உள்ள மூன்றையும் மூன்று விதமாகத்தான் சுட வேண்டும். கரடி என்றால் கணக்கே வேறு. ஆகவே மசாலாவுக்கு முன்னால் ஒரு நல்ல தெர்மாமீட்டர் வாங்குங்கள். கம்பி முனையை இறைச்சிக்குள் குத்தினால் இரண்டு மூன்று நொடியில் எண் காட்டுகிற வகை. வாங்கியதும் ஒரு டம்ளரில் பனிக்கட்டியை நிரப்பி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, முனையை நடுவில் பிடியுங்கள். 0 டிகிரி காட்ட வேண்டும். இரண்டு டிகிரி தள்ளிக் காட்டினால் அந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் தள்ளினால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மான் இறைச்சி இயல்பிலேயே கருஞ்சிவப்பு. வெந்ததா இல்லையா என்பதை நிறத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. இது வெறும் எச்சரிக்கை இல்லை, கீழே கரடி பற்றிச் சொல்லும் இடத்தில் இதன் விலை தெரியும்.

மான் ஏன் வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்றால், சதைக்குள் கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை. கடையில் வாங்கும் மாட்டு ஸ்டேக்கில் வெள்ளை நூல் போலக் கொழுப்பு ஓடும். சுடும்போது அது உருகி, கொஞ்சம் அதிகமாக வெந்தாலும் நாக்குக்கு ஈரமாகத் தோன்ற வைக்கும். மானில் கொழுப்பு தோலுக்கு அடியிலும் உறுப்புகளைச் சுற்றியும்தான் இருக்கும். சதையில் இருக்கும் ஈரம் வெறும் தண்ணீர். 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது தசைப் புரதத்தில் ஒரு பகுதி இறுகத் தொடங்குகிறது, அந்த நிலையில் இறைச்சி இன்னும் மென்மையாகவே இருக்கும். 65 டிகிரியைத் தாண்டியதும் இன்னொரு புரதமும் சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. அதோடு ஈரல் போன்ற ஒரு இரும்பு வாடையும் ஏறும். "மான் கறி வாடை அடிக்கும்" என்று சொல்கிறவர்களில் பெரும்பாலானோர் சாப்பிட்டது அளவுக்கு மீறி வெந்த மானைத்தான்.

அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன் கொடுத்தவரிடம் சில விஷயங்களைக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, ஒழுங்கான வேட்டைக்காரர் சந்தோஷமாகவே சொல்வார். மானைச் சுட்டு வீழ்த்திய பிறகு எவ்வளவு நேரத்தில் குடலை எடுத்தார், எவ்வளவு சீக்கிரம் 4 டிகிரிக்குக் கீழே கொண்டுவந்தார்? குண்டு வயிற்றில் பட்டதா? பட்டிருந்தால் குடலில் இருந்த ஈ.கோலை பாக்டீரியா சதையில் பரவியிருக்கும், அந்தப் பக்கத்து இறைச்சியை வெட்டி எறிந்தாரா? கொத்திறைச்சி இந்த ஒரே மானுடையதா, அல்லது அரைக்கும் கடையில் பல மான்களின் துண்டுகளைச் சேர்த்து அரைத்ததா?

குண்டு எதனால் ஆனது என்பதையும் கேளுங்கள். ஈயக் குண்டு எலும்பில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறும். காயத்திலிருந்து ஒரு அடி தள்ளிக்கூட அவை கிடைத்திருக்கின்றன. 2008-ல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் தானமாக வந்த மான் கொத்திறைச்சிப் பொதிகளில் ஈயத் துகள் தெரியவந்ததும், அவற்றை விநியோகிக்க வேண்டாம் என்று உணவு வங்கிகளுக்கு அங்கே சுகாதாரத் துறை சொன்னது. முழுத் துண்டைவிடக் கொத்திறைச்சியில்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் காயத்தை ஒட்டிய ஓரத் துண்டுகள்தான் அரைக்கப் போகும். கழுவினால் ஈயம் போகாது, பரவத்தான் செய்யும். வீட்டில் சின்னப் பிள்ளைகளோ கர்ப்பிணியோ இருந்தால் ஈயக் குண்டால் சுட்ட மானின் கொத்திறைச்சியை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். செம்புக் குண்டு என்றால் இந்தக் கவலை இல்லை.

அடுத்தது சி.டபிள்யூ.டி என்று வேட்டைக்காரர்கள் சொல்லும் மெலிவு நோய். 1967-ல் கொலராடோவில் ஆராய்ச்சிக்காக அடைத்து வைத்திருந்த மான்களில் முதலில் கண்டது. இன்று அமெரிக்காவில் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களிலும், கனடாவில் சஸ்காச்சுவான், அல்பர்ட்டா முதலிய மாகாணங்களிலும் இருக்கிறது. மனிதருக்கு வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனால் இதற்குக் காரணமான பிரியான் என்ற புரதம் எந்தச் சமையல் சூட்டிலும் அழியாது, ஆகவே சமையலால் தீர்க்கக்கூடிய பிரச்சினை இல்லை. நோய் உள்ள பகுதியிலிருந்து வந்த மான் என்றால் சோதனை முடிவு வந்த பிறகுதான் சாப்பிட வேண்டும். நோய் இருப்பதாக முடிவு வந்தால் முழு இறைச்சியையும் எறிந்துவிட வேண்டும். எந்த மானாக இருந்தாலும் மூளை, முதுகுத்தண்டு, கண், மண்ணீரல், நிணநீர்க் கட்டிகள் ஆகியவற்றைத் தொடாமல் விடுவதே முறை. ஆட்டு மூளை வறுவல் பிடித்தவர்கள் மானில் அந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

ஒரு இடைக்குறிப்பு. வேட்டை இறைச்சியைப் பரிசாகத் தரலாம், ஒன்ராறியோவில் விற்கக் கூடாது. யாராவது காசுக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். கடையில் கிடைக்கும் மான் பண்ணையில் வளர்த்தது. இதைப் படித்துவிட்டு ஊரில் முயற்சி செய்ய நினைக்கிறவர்களுக்கு: இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டையும் அந்த இறைச்சியை வைத்திருப்பதும் குற்றம்.

இனி உறைய வைத்தால் கிருமி சாகுமா என்ற கேள்வி. சில சாகும், சில தூங்கும், சில கண்டுகொள்ளவே கொள்ளாது. ஈ.கோலை, சால்மொனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் ஃப்ரீசரில் சாவதில்லை. உருகியதும் விட்ட இடத்திலிருந்து பெருகும். மானில் பரவலாக இருக்கும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி -18 டிகிரியில் பல நாட்கள் இருந்தால் பெருமளவு செயலிழக்கும். இது சதைக்கு உள்ளே கட்டியாக இருப்பதால், வெளிப்புறத்தை மட்டும் கருக வைத்தால் போதும் என்ற மாட்டு ஸ்டேக் தர்க்கம் இங்கே செல்லாது. 2017-ல் விஸ்கான்சினில் ஒரு விடுதியில் கூடிய ஆண்கள் குழு அரைவேக்காட்டு மான் இறைச்சி சாப்பிட்டதில் 9 பேருக்கு இந்த ஒட்டுண்ணியால் கடுமையான காய்ச்சல் வந்தது. கர்ப்பிணிகளுக்கு இது கருவையே பாதிக்கும்.

கரடி விஷயம் இன்னும் மோசம். பன்றியில் வரும் டிரிக்கினெல்லா புழுவை, 15 சென்டிமீட்டருக்குக் குறைவான தடிமன் உள்ள இறைச்சியாக இருந்தால், -15 டிகிரியில் 20 நாள் உறைய வைத்துக் கொல்லலாம். ஆனால் வடக்குக் காட்டுக் கரடிகளில் இருக்கும் டிரிக்கினெல்லா இனம் உறைபனியைத் தாங்கும். 2022-ல் சஸ்காச்சுவானின் வடக்கே சுட்ட ஒரு கருங்கரடியின் இறைச்சியை 45 நாள் ஃப்ரீசரில் வைத்திருந்து, தெற்கு டகோட்டாவில் ஒரு குடும்பக் கூட்டத்தில் காய்கறியோடு கபாப் குத்திக் கிரில்லில் சுட்டார்கள். இறைச்சி கருஞ்சிவப்பாக இருந்ததால் வெந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. சிலர் கடித்த பிறகுதான் பச்சையாக இருப்பது தெரிந்து திரும்பச் சுட்டார்கள். 6 பேருக்கு டிரிக்கினெல்லா நோய் வந்தது. அவர்களில் இரண்டு பேர் இறைச்சியைத் தொடவே இல்லை, அதே கம்பியில் வெந்த காய்கறியை மட்டும் சாப்பிட்டவர்கள்.

ஆகவே கரடி இறைச்சியை வாங்கலாம், ஆனால் கிரில்லில் நேராகச் சுடாதீர்கள். நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். கரடி சதை அந்தச் சூட்டில் கிரில்லில் நன்றாக வராது, நீண்ட நேரக் குழம்புதான் அதற்குச் சரி. காட்டுப்பன்றிக்கும் இதே 74. அதில் புருசெல்லா என்ற கிருமியும் இருக்கலாம், பச்சை இறைச்சியைக் கையாளும்போது கையுறை போடுங்கள்.

மானுக்கு வருவோம். அமெரிக்க விவசாயத் துறை வேட்டை இறைச்சித் துண்டுகளுக்கும் கொத்திறைச்சிக்கும் 71 டிகிரி என்கிறது. மான் முதுகுச் சதையைச் சமைக்கத் தெரிந்தவர்கள் 54 முதல் 57 டிகிரியில் எடுக்கிறார்கள். இரண்டுக்கும் இடையில் எதைத் தேர்ந்தெடுப்பது? என் கருத்து இது. கொத்திறைச்சியில் பேரம் இல்லை, 71 தான், ஏனென்றால் அரைக்கும்போது வெளிப்பக்கத்துப் பாக்டீரியா உள்ளே போய்விட்டது. முழுத் துண்டு விஷயத்தில், உடல்நலமுள்ள பெரியவர்கள், வயிற்றில் குண்டு படாத மான், -18 டிகிரியில் சில வாரமாவது இருந்த இறைச்சி என்றால் 57 டிகிரியில் எடுப்பதில் உள்ள சிறிய ஆபத்தை அறிந்து எடுத்துக்கொள்ளலாம். கர்ப்பிணி, சிறு பிள்ளை, வயதானவர், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர் யாராவது பந்தியில் இருந்தால் 71 தான். ஆனால் அதற்காக முதுகுச் சதையை 71 வரை சுட்டுக் கெடுக்காதீர்கள். அவர்களுக்குக் கொழுப்புச் சேர்த்த கபாபோ, மெதுவாக வேக வைத்த முன்னங்கால் சதையோ கொடுங்கள். அவை அந்தச் சூட்டில்தான் ருசிக்கும். எந்தச் சூட்டுக்குப் போகப் போகிறீர்களோ அதற்கேற்ற துண்டை எடுப்பதுதான் மான் சுடுவதில் பாதி வேலை.

உருக்குவதை ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், ஓரம் உயர்ந்த தட்டில் வைத்துச் செய்யுங்கள். ஒரு கிலோ துண்டுக்கு ஒரு முழு நாள் பிடிக்கும். அவசரம் என்றால் மூடிய பொதியோடு குளிர்ந்த தண்ணீரில் முக்கி, 30 நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றலாம். சமையலறை மேடையில் வெளியே வைக்க வேண்டாம். பொதியைத் திறந்ததும் முகருங்கள். காட்டு வாடை வேறு, கெட்ட வாடை வேறு. புளித்த நாற்றம், பச்சைப் பளபளப்பு, விரலில் ஒட்டும் வழுவழுப்பு இருந்தால் எந்த மசாலாவும் காப்பாற்றாது.

அடுத்தது சவ்வும் கொழுப்பும். இதைச் செய்யாமல் விடுகிறவர்கள்தான் பிறகு மசாலாவைக் குறை சொல்கிறார்கள். முதுகுச் சதையின் மேலே வெள்ளிபோல் மின்னும் சவ்வு ஒன்று ஒட்டியிருக்கும். எவ்வளவு வேக வைத்தாலும் அது கரையாது, சூட்டில் சுருங்கித் துண்டையே வில்லாக வளைத்துவிடும். மெல்லிய, வளையக்கூடிய கத்தி முனையை ஒரு ஓரத்தில் சவ்வுக்கு அடியில் நுழைத்து, நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அலகைச் சவ்வின் பக்கம் கொஞ்சம் சாய்த்து நீளவாக்கில் இழுங்கள். மீன் தோல் உரிப்பது தெரிந்தவர்களுக்கு உடனே வரும். மானின் வெள்ளைக் கொழுப்பையும் ஒட்ட வெட்டி எறியுங்கள். அது ஆட்டுக் கொழுப்பைவிடக் கெட்டியானது. வாய்ச் சூட்டில் உருகாமல் மேலண்ணத்தில் மெழுகாகப் படியும். ஃப்ரீசரில் மாதக்கணக்கில் இருந்தால் காறலும் எடுக்கும். காட்டு வாடையில் பெரும்பங்கு இந்தக் கொழுப்பில்தான் இருக்கிறது.

வினிகரில் இரவு முழுக்க ஊறப்போடும் வழக்கம் பலரிடம் உண்டு. வேண்டாம். அமிலம் சதையின் உள்ளே அதிக தூரம் போகாது. மேற்புறத்தை மட்டும் மாவாக்கி, கிரில்லில் கருகாமல் வெளிறிப்போகச் செய்யும். உப்புதான் உள்ளே போகும். ஒரு கிலோ துண்டுக்கு 12 கிராம் தூள் உப்பு, அதாவது இரண்டு தேக்கரண்டி மட்டம், எல்லாப் பக்கமும் தடவி, கம்பித்தட்டின் மேல் மூடாமல் 12 முதல் 24 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும், பிறகு அதே நீர் உப்போடு உள்ளே திரும்பும். மேற்புறம் காய்ந்திருப்பதால் சீக்கிரம் சிவக்கும். தயிர் ஊறல் தொடைத் துண்டுகளுக்கு நல்லது, 6 முதல் 8 மணி நேரம் போதும். பப்பாளிக்காய் போட விரும்பினால் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி விழுதுக்கு மேல் வேண்டாம், ஒரு மணி நேரத்துக்கு மேலும் வேண்டாம். அதில் உள்ள நொதி 60 டிகிரிக்கு மேலும் வேலை செய்யும், ஆகவே கிரில்லில் ஏறிய பிறகும் சதையைக் கரைத்துக்கொண்டே இருக்கும். முதுகுச் சதைக்குப் பப்பாளி தேவையே இல்லை.

இப்போது முதுகுச் சதை. முழு நீளமாக இருந்தால் 20 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். மெல்லிய ஸ்டேக்காக வெட்டிக் கொடுக்கும் கசாப்புக்காரர்கள் உண்டு. 2 சென்டிமீட்டர் தடிமனில் மான் ஸ்டேக் இருந்தால், வெளியே நிறம் பிடிப்பதற்குள் உள்ளே 65-ஐத் தாண்டிவிடும். கொடுத்தவரிடம் அடுத்த முறை வெட்டாமல் முழுசாகக் கேளுங்கள்.

கரி கிரில் என்றால் சிம்னி ஸ்டார்ட்டரில் (கரி பற்ற வைக்கும் உலோகக் குழாய்) கரியைப் பற்ற வைத்து, மேல் கரியில் சாம்பல் பூக்கும் வரை 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் திரவம் எதையும் ஊற்றாதீர்கள், கொழுப்பில்லாத இறைச்சியில் அந்த வாடை அப்படியே நிற்கும். தணலை எல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளி, மறு பக்கத்தைக் காலியாக விடுங்கள். கேஸ் கிரில்லில் ஒரு பர்னரை முழுதாகவும் மற்றதை அணைத்தும் வைத்து, மூடியிட்டு 15 நிமிடம் சூடாக்குங்கள். காலிப் பக்கத்தில் 120 டிகிரி வாக்கில் இருக்கட்டும்.

துண்டை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, துடைத்து, மெல்லியதாக எண்ணெயோ நெய்யோ தடவி, கொரகொரப்பாக இடித்த மிளகையும் சீரகத்தையும் ஒட்டுங்கள். எண்ணெய் வழிய வழியத் தடவினால் தணலில் சொட்டி, தீ எழும்பி, கரிப்புகை படியும். சர்க்கரை, தேன், தக்காளிச் சாஸ் எதுவும் இந்தக் கட்டத்தில் வேண்டாம், கருகிக் கசக்கும். காலிப் பக்கத்தில் வைத்து மூடுங்கள். 5 சென்டிமீட்டர் தடிமனுக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும், ஆனால் கடிகாரத்தை நம்பாதீர்கள். 12-ஆவது நிமிடத்திலிருந்து பக்கவாட்டில் குத்தி நடுப்பகுதியைப் பாருங்கள். 47 டிகிரி காட்டியதும் எடுத்து, நேரடித் தணலுக்கு மேலே ஒவ்வொரு பக்கமும் ஒன்று முதல் ஒன்றரை நிமிடம், கிடுக்கியால் உருட்டிக்கொண்டே கருக்குங்கள். 53 அல்லது 54-ல் இறக்கிவிடுங்கள். எடுத்து வைத்த பிறகும் சூடு உள்ளே நகர்ந்துகொண்டிருக்கும், 8 நிமிடத்தில் 57-க்கு வரும். 57 காட்டும்வரை நெருப்பிலேயே வைத்திருந்தால் தட்டில் 60-ஐத் தாண்டியிருக்கும். இறக்கி வைத்ததும் ஒரு மேசைக்கரண்டி நெய்யில் இரண்டு பல் பூண்டு தட்டிப்போட்டுச் சூடாக்கி மேலே ஊற்றுங்கள், இல்லாத கொழுப்பை இங்கேதான் கொடுக்கிறோம். நாரின் குறுக்கே, விரல் கனத்தில் வெட்டுங்கள்.

முதுகுச் சதையைப் பன்றி பேக்கனில் சுற்றிச் சுடுவது வட அமெரிக்காவில் பெரிய பழக்கம். படம் எடுக்க அழகாக இருக்கும், சமையலாக எனக்கு ஒப்பாது. பேக்கன் மொறுமொறுப்பதற்குள் உள்ளே மான் அளவுக்கு மீறி வெந்துவிடும். மான் சரியாக இருக்கும்போது பேக்கன் கொழகொழவென்று பாதி வெந்து கிடக்கும்.

தொடை ஒரே சதை இல்லை, நாலைந்து தனிச் சதைகளின் கட்டு. அவற்றைப் பிரிக்கும் மெல்லிய சவ்வுக் கோடுகள் கண்ணுக்குத் தெரியும். கத்தியைக் காட்டிலும் விரலாலேயே பெரும்பாலும் பிரித்துவிடலாம். பிரித்த பிறகு ஒவ்வொன்றையும் மேலே சொன்னபடி சவ்வெடுத்து, உருண்டை வடிவில் கெட்டியாக இருக்கும் உள்தொடைச் சதையையும் இடுப்பை ஒட்டிய சதையையும் முதுகுச் சதையைப் போலவே சுடலாம். 57-க்கு மேல் போனால் முதுகைவிட வேகமாக இறுகும். வெட்டும்போது முன்பைவிட மெல்லியதாக, 3 மில்லிமீட்டர் அளவுக்கு. மற்ற தொடைச் சதைகளை 3 சென்டிமீட்டர் கட்டங்களாக நறுக்கித் தயிர், இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், கொஞ்சம் சோம்பில் ஊற வைத்துக் கம்பியில் குத்தலாம். துண்டுகளை நெருக்கிக் குத்தினால் இடைவெளியில் உள்ளது வேகாது. காய்கறியைத் தனிக் கம்பியில் குத்துங்கள், வெங்காயமும் மானும் ஒரே நேரத்தில் வேகாது. கரடிக் கபாப் கதையும் நினைவிருக்கட்டும்.

கொத்திறைச்சிக் கபாபுக்கு 800 கிராம் மான், 200 கிராம் ஆட்டுக் கொழுப்பு அல்லது மாட்டுக் கொழுப்பு. பொதியில் ஏற்கெனவே கொழுப்புச் சேர்த்து அரைத்திருக்கிறார்களா, பன்றிக் கொழுப்பா என்பதைக் கேட்டுவிடுங்கள். அரைக்கும் கடைகளில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பது சாதாரணம், சாப்பிடாதவர்களுக்கு இது முக்கியம். 15 கிராம் உப்பு, துருவிப் பிழிந்த ஒரு பெரிய வெங்காயம், 6 பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, இரண்டு பச்சை மிளகாய், ஒரு தேக்கரண்டி வறுத்துப் பொடித்த சீரகம், அரைத் தேக்கரண்டி மிளகு, இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு, கைப்பிடி கொத்தமல்லி. எல்லாம் ஃப்ரிட்ஜ் குளிரில் இருக்கும்போதே பிசையுங்கள், 4 நிமிடம், கலவை கையில் ஒட்டிப் பிசுபிசுக்கும் வரை. கபாப் கம்பியிலிருந்து கழன்று தணலில் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: வெங்காயத்தைப் பிழியவில்லை, போதுமான அளவு பிசையவில்லை, கொழுப்பு கைச்சூட்டில் உருகிவிட்டது. தட்டையான அகலக் கம்பியில் 2 சென்டிமீட்டர் கனத்துக்குப் பிடித்து, ஒரு மணி நேரம் திரும்பக் குளிரில் வைத்து, நடுத்தரத் தணலில் சுடுங்கள். முதல் 3 நிமிடம் தொடாதீர்கள், அடிப்பக்கம் இறுகிய பிறகுதான் திருப்ப வேண்டும். 71 டிகிரி. கொழுப்பு இருப்பதால் அந்தச் சூட்டிலும் ஈரமாக இருக்கும்.

முன்னங்கால், கழுத்து, முழங்கால் தண்டு ஆகியவற்றில் இணைப்புத் திசு நிறைய. இது 54-ல் ரப்பர், 70-ல் இன்னும் மோசம், 90 வாக்கில் நீண்ட நேரம் இருந்தால் நன்றாகப் பசையாகக் கரையும். நேரடியாகக் கிரில்லில் வராது, இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும். எலும்போடு துண்டுகளாக்கி, உப்பு மஞ்சள் தடவி, வெங்காயம், பட்டை, கிராம்பு, ஒன்றரைக் கோப்பைத் தண்ணீரோடு குக்கரில் வைத்து, முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் 40 நிமிடம். வயதான ஆண் மான் என்றால் இன்னொரு 15 நிமிடம். சதை எலும்பிலிருந்து விலகத் தொடங்கும், ஆனால் உதிரக் கூடாது. குக்கர் நீரை வற்ற விட்டுக் கெட்டியாக்கி, புளிக்கரைசலும் கொஞ்சம் வெல்லமும் மிளகும் சேர்த்துப் பூச்சு ஆக்குங்கள். துண்டுகளை அரை மணி நேரம் ஆறவிட்டால் கொஞ்சம் இறுகும், கிரில்லில் உடையாது. பிறகு பூச்சைத் தடவிச் சூடான பக்கத்தில் பக்கத்துக்கு 3 நிமிடம். வெல்லம் இங்கே கருகாது, ஏனென்றால் நேரம் குறைவு. இந்த முறையைக் கரடிக்கும் காட்டுப்பன்றிக்கும் பயன்படுத்தலாம், உள்ளே 74-ஐக் குக்கரிலேயே தாண்டிவிடுகிறோம்.

பறவைகள், முயல் பற்றிச் சுருக்கமாக. காட்டு வான்கோழி, காட்டு வாத்து எல்லாவற்றுக்கும் 74 தான் அதிகாரப்பூர்வ அளவு. வான்கோழியின் மார்பும் காலும் ஒன்றாக வேகாது, பிரித்துவிடுங்கள். காலைக் குக்கருக்கு அனுப்புங்கள். மார்பை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் உப்பு என்ற கணக்கில் 8 மணி நேரம் ஊற வைத்துச் சுடுங்கள். சதையில் சிறு குண்டுகள் தங்கியிருக்கும், விரலால் தடவிப் பார்த்து எடுக்காவிட்டால் பல்லுக்குச் சேதம். முயலைச் சுத்தம் செய்யும்போது கையுறை கட்டாயம். துலரேமியா என்ற காய்ச்சல் கையில் உள்ள கீறல் வழியாகவே ஏறும். முயலிலும் 74.

பச்சை இறைச்சி வைத்த தட்டும் கிடுக்கியும் வெந்ததைத் தொடக் கூடாது. இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது நடுவில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தெர்மாமீட்டர் முனையையும் ஒவ்வொரு தடவையும் துடைக்க வேண்டும். 50 டிகிரியில் குத்திய முனையை அடுத்த துண்டில் கழுவாமல் குத்துவது நிறையப் பேர் கவனிக்காத தவறு. ஊற வைத்த மசாலா மிச்சத்தைச் சுட்ட இறைச்சியில் ஊற்ற ஆசை வந்தால், முதலில் ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்துவிடுங்கள்.

மிச்சம் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரத்துக்குள், ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். 3 அல்லது 4 நாள் வைத்திருக்கலாம். முதுகுச் சதையைத் திரும்பச் சூடாக்காதீர்கள், இரண்டாவது சூட்டில் அது அளவுக்கு மீறி வெந்துவிடும். குளிராகவே மெல்லியதாகச் சீவி, எலுமிச்சை, சின்ன வெங்காயம், பச்சை மிளகாயோடு பிசறிச் சாப்பிடுங்கள். கபாபை 74 வரை சூடாக்கி ரொட்டியில் சுருட்டலாம். ஃப்ரீசரில் இன்னும் இருக்கும் பொதிகளில் தேதி எழுதி வையுங்கள். காற்றில்லாமல் அடைத்த முழுத் துண்டு 9 முதல் 12 மாதம் ருசி குறையாமல் இருக்கும். கொத்திறைச்சியை 4 மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.